அடுப்படியிலிருந்து சண்முகம் சாலை வரை

தாம்பரம் ரயில் நிலையத்து நடைமேம்பாலத்தின் மேல் ஒரு நிமிஷம் நின்று பார்த்தால், ஊர் இரண்டாகப் பிரிந்து கிடப்பது தெரியும். மேற்கே இறங்கினால் சண்முகம் சாலைக் கடைவீதி. காய்கறி, பூ, பாத்திரம், துணிமணி என்று கல்யாணத்துக்கு வேண்டிய அத்தனையும் ஒரே நடையில் வாங்கிவிடலாம். கிழக்கே இறங்கினால் கிறிஸ்தவக் கல்லூரியின் மரங்கள், விமானப்படை நிலையம், வேளச்சேரி போகும் சாலை. அதைத் தாண்டி சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் என்று வீடுகள், வீடுகள், வீடுகள்தான்.

அந்த வீடுகளில் ஒன்றின் மாடிப் போர்ஷனில்தான் நாங்கள் பத்தொன்பது வருஷமாகக் குடியிருக்கிறோம். சாயங்காலம் இந்தத் தெருக்களில் நடந்து போனால் மூக்கே வழி சொல்லும். ஒரு வீட்டில் மிளகாய் வறுபடும். இன்னொரு வீட்டு மாடியில் வடாம் காயும். வெளிக்கதவில், ‘இங்கு அப்பளம், முறுக்கு ஆர்டரின் பேரில் செய்து தரப்படும்’ என்று கையால் எழுதிய அட்டை தொங்கும். பக்கத்து வீட்டில் தனியாகத் தங்கி வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு மாதக் கணக்கில் சாப்பாடு கட்டிக் கொடுப்பார்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் கை இப்படி எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது.

நானும் அந்த வரிசையில் சேர்ந்தேன். சேர்ந்த சில மாதத்திலேயே, இனி அடுப்பு மூட்டவே மாட்டேன் என்று அழுதேன். ஏன் அழுதேன், பிறகு எப்படித் தைரியம் வந்தது என்பதைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளிக்கூடப் படிப்புதான். அதனால் சட்டத்தைச் சட்டமாகச் சொல்லாமல், நான் போன வழியிலேயே உங்களையும் அழைத்துப் போகிறேன்.

அம்மாவின் ரகசியம்

2021-ல் என் கணவர் வேலை பார்த்த கம்பெனி ஆட்குறைப்புச் செய்தது. வேறு வேலை கிடைத்தது, ஆனால் சம்பளம் பாதி. பெண் கல்லூரியில் சேர வேண்டிய வருஷம். என்ன செய்யலாம் என்று யோசித்தபோது கைக்கு வந்தது பருப்புப் பொடி.

எங்கள் அம்மா செய்யும் பருப்புப் பொடிக்குச் சொந்தத்தில் தனிப் பெயர் உண்டு. துவரம்பருப்பு, பொட்டுக்கடலை, மிளகாய், மிளகு, சீரகம், பெருங்காயம், உப்பு. இதெல்லாம் எல்லோரும் போடுவதுதான். அம்மா மட்டும் ஒரு பிடி வேர்க்கடலையைத் தோல் போக வறுத்துச் சேர்ப்பார். சூடு சோற்றில் போட்டு நெய் விட்டால் அந்த வாசனை தனியாக எழும்பும். யார் கேட்டாலும் அம்மா சிரித்துவிட்டு, “அது எங்க கைப்பக்குவம்” என்பார். நானும் அப்படியே சொல்லப் பழகிவிட்டேன்.

தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் ஏற்றுமதி வளாகத்தில் வேலை செய்யும் பெண்கள் சிலர் எங்கள் தெருவில் தங்கியிருந்தார்கள். முதலில் அவர்களுக்குக் கால் கிலோ கொடுத்தேன். அவர்கள் தோழிகள் கேட்டார்கள். ஆறு மாதத்தில் மாதம் இருபது கிலோ வரை போயிற்று. பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலிலும், பிளாஸ்டிக் கவரிலும் கட்டிக் கொடுப்பேன். மேலே ஒரு துண்டுச் சீட்டுகூட ஒட்டியதில்லை. வீட்டுச் சாமானுக்குச் சீட்டு எதற்கு?

எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி ஓர் இளம் தாய். அவள் மகனுக்கு அப்போது இரண்டரை வயசு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் அலறுகிற சத்தம் கேட்டு ஓடினேன். குழந்தையின் உதடும் கண்ணிமையும் வீங்கியிருந்தன. உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பி, மூச்சு விட இழுத்துக்கொண்டிருந்தான். தட்டில் பாதிச் சோறு. என் பருப்புப் பொடி பிசைந்த சோறு.

ஆட்டோவில் மருத்துவமனைக்குப் பறந்தோம். உடனே ஊசி போட்டார்கள். ராத்திரி முழுக்கக் கூடவே வைத்துப் பார்த்தார்கள். குழந்தை பிழைத்தான், கடவுள் புண்ணியம். அவனுக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது. முன்பொரு தடவை கடலை மிட்டாய் கடித்துத் தடிப்பு வந்ததால், டாக்டர் சொன்னபடி அவள் கடலை பக்கமே போகாமல் வளர்த்து வந்திருக்கிறாள். மறுநாள் காலை அவள் என் மேல் கோபிக்கவில்லை. கண்ணீரோடு ஒன்றே ஒன்று கேட்டாள்:

“அக்கா, அதுல கடலை இருக்குன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் குடுத்திருக்கவே மாட்டேனேக்கா?”

அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தக் கேள்வியைத்தான் தாங்க முடியவில்லை. அன்று இரவே வீட்டில் மிச்சமிருந்த பொடியையெல்லாம் குப்பையில் கொட்டினேன். “இனிமே இந்த வேலையே வேணாம்ங்க” என்று கணவரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “செய்யறதை விட்டுடறது சுலபம். சரியாச் செய்யறது எப்படின்னு யாரையாவது கேட்டியா?” என்றார்.

பழவந்தாங்கலுக்கு ஒரு டிக்கெட்

யாரைக் கேட்பது? என் சித்தி நங்கநல்லூரில் ஒரு மாமியைச் சொன்னாள். பல வருஷமாக வீட்டிலேயே பொடியும் பட்சணமும் செய்து விற்பவர். ஒரு வெள்ளிக்கிழமை காலை மின்சார ரயிலில் கிளம்பினேன்.

கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் 1931-ல் ஓட ஆரம்பித்தது. நம் பாட்டிமார்கள் காலத்து ரயில்! தாம்பரத்தை விட்டால் அடுத்த நிலையம் சானடோரியம். டாக்டர் சவுரிமுத்து 1928-ல் காசநோயாளிகளுக்காக நிறுவிய ஆரோக்கிய நிலையம்தான் அந்த நிலையத்துக்கே பெயரானது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. நல்ல காற்று, நல்ல உணவு, சுத்தம் என்று நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்த இடத்தைத் தாண்டிப் போகும்போது, நான் ஒரு குழந்தைக்குக் கொடுத்த உணவு என்னவாயிற்று என்று மனம் குத்திற்று. பிறகு குரோம்பேட்டை, பல்லாவரம், விமானம் இறங்குவது தெரியும் திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல். நங்கநல்லூருக்கு இங்கேதான் இறங்க வேண்டும். 32 அடி ஆஞ்சநேயரைத் தரிசித்துவிட்டு மாமி வீட்டுக்குப் போனேன்.

“வாங்கோ, உக்காருங்கோ. வெயில்ல வந்திருக்கேள், மோர் சாப்பிடுங்கோ” என்று வரவேற்றார். என் கதையைக் கேட்டதும் மோர் டம்ளரை என் கையில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

“நீ பண்ணினது தப்புதான். ஆனா கெட்ட எண்ணத்துல பண்ணலை. ஆத்துல பண்ணி ஆத்துல சாப்பிடற வரைக்கும் கைப்பக்குவம் உன்னோடது. வாசலைத் தாண்டிடுத்தோ, உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கறது சாப்பிடறவாளோட உரிமை. அளவு உன் ரகசியமா இருக்கட்டும். சாமான் ரகசியமில்லேம்மா.”

சகோதரிகளே, உணவுச் சட்டப் புத்தகம் முழுவதையும் படித்தாலும் இதைவிடத் தெளிவாக எனக்குப் புரிந்திருக்காது. சட்டமும் இதையேதான் சொல்கிறது. பொட்டலத்தில் சேர்மானங்களை, எடையில் அதிகமானது முதலில், குறைவானது கடைசியில் என்று வரிசையாக எழுத வேண்டும். பருப்பு எத்தனை கிராம், மிளகு எத்தனை கிராம் என்று கைப்பக்குவத்தைக் காட்டிக் கொடுக்க வேண்டியதில்லை.

மாமி சமையலறைக்கு அழைத்துப் போனார். சுவரில் சட்டம் போட்ட ஒரு காகிதம் மாட்டியிருந்தது. 14 இலக்க எண்ணுடன் உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்றிதழ்.

“இதுக்கு எவ்வளவு செலவாச்சு மாமி? ஆயிரக்கணக்குல ஆகும்னு சொல்றாங்களே?”

“வருஷத்துக்கு நூறு ரூபாய்!” என்று மாமி சிரித்தார். “நம்ம பயம்தான் ஆயிரக்கணக்கு.”

சட்டம் என்ன சொல்கிறது?

மாமி சொன்னதையும், பிறகு நான் கேட்டறிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். 2006-ல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் வந்தது. 2011 ஆகஸ்ட் 5 முதல் அதன் விதிகள் நடைமுறைக்கு வந்தன. உணவு செய்து விற்கிற யாராக இருந்தாலும், கடை வைத்தாலும் சரி, தள்ளுவண்டியானாலும் சரி, வீட்டு அடுப்படியானாலும் சரி, பதிவு வேண்டும். சாப்பாடு கட்டிக் கொடுப்பவர்களுக்கும் இது உண்டு. ‘வீட்டில்தானே செய்கிறேன்’ என்பதற்கு விலக்குக் கிடையாது.

2011 விதிகள் இரண்டு படி வைத்தன. ஆண்டு விற்பனை 12 லட்ச ரூபாய்க்குள் இருந்தால் ‘பதிவு’ போதும். அதற்கு மேலே போனால் ‘உரிமம்’. நான் பதிந்த 2022-ல் பதிவுக் கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய். இந்த எல்லைகளையும் கட்டணங்களையும் அரசு அவ்வப்போது திருத்தும் என்பதால், விண்ணப்பிக்கும் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் கொடுத்த 7 நாட்களுக்குள் சான்றிதழ் தர வேண்டும், அல்லது காரணத்தை எழுதி மறுக்க வேண்டும், அல்லது வந்து பார்க்கப் போகிறோம் என்று அறிவிப்புத் தர வேண்டும். பார்வையிடுவதானால் 30 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இதுவும் விதியிலேயே இருக்கிறது. நம்மைக் கட்டுப்படுத்துகிற விதி அவர்களையும் கட்டுப்படுத்துகிறது என்று தெரிந்ததும் எனக்குப் பாதிப் பயம் போயிற்று.

மாமி இன்னொரு புத்திமதியும் சொன்னார். “முதல்ல பொடியில ஆரம்பி. தொக்கு, ஊறுகாய்க்கு அவசரப்படாதே.” காரணம் ஈரம். ஈரம் இருக்கும் இடத்தில்தான் பூஞ்சையும் கிருமியும் வளரும். நன்றாக வறுத்து, ஆற வைத்து, உலர்ந்த டப்பாவில் அடைத்த பொடி தாங்கும். ஊறுகாயைக் காப்பது உப்பும் புளிப்பும். அதில் ஒன்றைக் குறைத்தாலும் கெட்டுவிடும். பச்சைப் பூண்டை வெறும் எண்ணெயில் போட்டு வெளியே வைத்து விற்பது மிகவும் ஆபத்து. காற்றுப் புகாத அந்த எண்ணெய்க்குள் வளரும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு நரம்பையே பாதிக்கும். வாசனையிலோ ருசியிலோ தெரியவே தெரியாது.

என் நாத்தனார் பெண் கலிபோர்னியாவில் இருக்கிறாள். அங்கேயும் 2013 முதல் வீட்டுச் சமையலறை உணவுக்குத் தனிச் சட்டம் உண்டாம். குளிர்ப்பெட்டியில் வைக்கத் தேவையில்லாத ரொட்டி, ஜாம், உலர்ந்த பொடி போன்றவற்றுக்குத்தான் அதில் அனுமதி. ‘வீட்டுச் சமையலறையில் தயாரித்தது’ என்று சீட்டில் எழுதவும் வேண்டும். நங்கநல்லூர் மாமியும் அமெரிக்கச் சட்டமும் ஒரே பேச்சு!

பல்லாவரம் சந்தையில்

திரும்பும் வழியில் பல்லாவரத்தில் இறங்கினேன். வெள்ளிக்கிழமைச் சந்தை நாள் அல்லவா! பழைய மேஜையிலிருந்து செடி, கோழி, பாத்திரம் வரை கடல் போலப் பரந்து கிடக்கும். இதே பல்லாவரத்தில்தான் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்பவர் ஆதிமனிதன் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். அறுக்கவும் நறுக்கவும் கருவி தேடிய மனிதர்கள் அன்றே இந்தப் பக்கம் இருந்திருக்கிறார்கள். நானும் கருவி தேடித்தான் வந்திருந்தேன்.

மலிவாகப் பெரிய பிளாஸ்டிக் டிரம்கள் இருந்தன. கை நீண்டது. “முன்னாடி அதுல என்ன இருந்ததுன்னு யாருக்குத் தெரியும்? பழைய பிளாஸ்டிக் வாங்கிடாதே” என்று மாமி சொல்லி அனுப்பியது நினைவுக்கு வந்தது. விட்டுவிட்டு, மூடி இறுக்கமான இரண்டு எவர்சில்வர் தூக்கும், ஒரு பெரிய சல்லடையும் மட்டும் வாங்கினேன். தராசைச் சந்தையில் வாங்கவில்லை. விற்பனைக்கு வைக்கும் தராசுக்கு அரசாங்க முத்திரை இருக்க வேண்டும். நம் மாநிலத்தில் தொழிலாளர் துறைதான் அதைக் கவனிக்கிறது. பொட்டலம் கட்டி விற்பவர்கள் அங்கேயும் பெயர் பதிய வேண்டும் என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

ஓனரம்மாவின் சம்மதம்

அடுத்து விண்ணப்பம். கிழக்குத் தாம்பரத்தில் ஓர் இ-சேவை மையத்துக்குப் போனேன். புகைப்படம், ஆதார், சமைக்கும் இடத்துக்கான முகவரிச் சான்று கேட்டார்கள். வாடகை வீடு என்பதால் ஓனரம்மாவின் சம்மதக் கடிதம் தேவைப்பட்டது.

கீழே குடியிருக்கும் எங்கள் ஓனரம்மா நல்லவர்தான். ஆனால் முகம் சுருங்கிவிட்டது. “மிளகாய் நெடி, எலி, கரப்பான், கண்டவங்க மாடிப்படி ஏறி வர்றது... இதெல்லாம் எனக்கு ஒத்து வராதும்மா” என்றார். அன்று நான் வாதாடவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போனேன். மிளகாய் வறுப்பது வாரத்தில் இரண்டு நாள், காலை பத்து மணிக்கு மேல் மட்டும். வாங்குபவர் யாரும் மாடி ஏற மாட்டார்கள், நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். குப்பை அன்றன்றைக்கு வெளியேறும். மூன்று மாதம் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லையென்றால் நிறுத்திவிடுவேன். படித்துப் பார்த்தவர், “இவ்வளவு யோசிச்சு வந்திருக்கியே, சரி, செய்” என்று கையெழுத்துப் போட்டார். வாடகை வீட்டுச் சகோதரிகள் கவனிக்க: எதிர்ப்பவர் என்ன பயப்படுகிறார் என்று முதலில் கேளுங்கள். அதற்குப் பதில் எழுதிக் கொடுங்கள்.

2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியாகிவிட்டது. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் எல்லாம் அதில் அடக்கம். ஆனால் உணவுப் பதிவு மாநகராட்சி கொடுப்பதல்ல. அது உணவுப் பாதுகாப்புத் துறையுடையது. எங்களுக்கு மாவட்டம் செங்கல்பட்டு. சென்னை விலாசத்தில் வாழ்ந்து பழகிய எனக்கு, இந்த வித்தியாசமே விண்ணப்பத்தில் மாவட்டத்தைக் குறிக்கும்போதுதான் உறைத்தது.

அதிகாரி வந்தார்

ஐந்தாம் நாள் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. வீட்டையே தேய்த்துக் கழுவினேன். வந்தவர் என் தங்கை வயசுப் பெண். மிரட்டலும் இல்லை, முறைப்பும் இல்லை. சுற்றிப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“ஜன்னலுக்கு வலை இல்லையேம்மா? ஈ வருமே.”

“போட்டுடறேன் மேடம்.”

“குப்பைக் கூடைக்கு மூடி? பருப்பு மூட்டையைத் தரையில வைக்காதீங்க, பலகை மேல வைங்க. கறிவேப்பிலை எந்தத் தண்ணியில அலசறீங்க?”

“போர் தண்ணிதான்.”

“குடிக்கிற தண்ணியிலதான் அலசணும். வளையல், மோதிரம் கழட்டிட்டு, நகம் வெட்டி, தலையை மூடிட்டு வேலை செய்யுங்க. வீட்டில யாருக்காவது காய்ச்சல், வயித்துப்போக்கு, மஞ்சள் காமாலைன்னா அன்னிக்கு அடுப்பு பத்த வைக்கக் கூடாது. சரி, பொடி எங்க அரைக்கிறீங்க?”

“தெருமுனை மாவு மிஷின்ல.”

“உங்களுக்கு முன்னாடி அங்க என்ன அரைச்சாங்க?”

எனக்குப் பதில் வரவில்லை. கோதுமையோ, கேழ்வரகோ, யாருக்குத் தெரியும்! கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் இருப்பது போல, கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள். மிஷினில் ஒட்டியிருப்பது என் பொடியில் சேர்ந்தால் நான் எழுதும் சீட்டே பொய்யாகிவிடும். அன்றே தீர்மானித்தேன், இனி வீட்டில் என் மிக்சியில்தான் என்று.

அவர் இன்னொன்றும் சொன்னார். நாம் கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும்! டப்பாவைத் திருப்பிப் படித்தேன். ஆமாம், இருந்தது. இருபது வருஷமாக வாங்குகிறேன், ஒரு நாளும் படித்ததில்லை. நான் எழுதாதது மட்டுமல்ல, படிக்காமலும் இருந்திருக்கிறேன்.

சொன்ன குறைகளைச் சரி செய்து புகைப்படம் அனுப்பினேன். சான்றிதழ் வந்தது. மாமியைப் போலவே நானும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினேன். பார்வையில் படும்படி மாட்ட வேண்டும் என்பதும் விதிதான்.

சீட்டில் என்னென்ன?

தொடங்க நினைக்கும் சகோதரிகளுக்காக, என் டப்பாச் சீட்டில் இருப்பதைச் சொல்கிறேன். பொருளின் பெயர். சேர்மானங்கள், எடை வரிசைப்படி. சைவம் என்பதற்குப் பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி. நிகர எடை. விலை. தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், எந்தத் தொகுதி. என் பெயர், விலாசம், குறை சொல்லத் தொலைபேசி எண். உணவுப் பாதுகாப்பு முத்திரையுடன் 14 இலக்கப் பதிவு எண். ஊட்டச்சத்து விவரமும் விதியில் வருகிறது. உங்கள் பொருளுக்கு அது எப்படி என்று பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வாமை தரக்கூடிய பொருள்கள். வேர்க்கடலை, முந்திரி, பாதாம் போன்ற பருப்புகள், பால், முட்டை, மீன், இறால் வகை, சோயா, கோதுமை போன்ற தானியங்கள் இருந்தால் கட்டாயம் தனியாகச் சொல்ல வேண்டும். 2020-ல் வந்த விதிகளில் இது தெளிவாக இருக்கிறது.

கலர் பொடி பக்கமே நான் போவதில்லை. 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாயைத் தடை செய்ததே, நினைவிருக்கிறதா? துணிக்குப் போடும் ரோடமைன் பி என்ற சாயம் அதில் இருந்ததுதான் காரணம். மிளகாய்க்கு இருக்கும் நிறம் போதும். அதேபோல முறுக்கு, வடையைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுக்காதீர்கள். அச்சு மை உணவில் ஏறும். அதற்கும் தடை உண்டு.

1959-ல் பம்பாய் கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, மொட்டை மாடியில் அப்பளம் இட ஆரம்பித்தார்கள். அதுதான் பிறகு லிஜ்ஜத் என்று நாடெங்கும் பரவியது. வீட்டில் இட்ட அப்பளம்தான், ஆனால் மாவு ஒரே இடத்தில் ஒரே பக்குவமாகப் பிசைந்து கொடுக்கப்பட்டது. யார் வீட்டில் இட்டாலும் ஒரே அப்பளமாக இருக்கும் என்ற நம்பிக்கைதான் அவர்கள் முதல். நமக்கும் முதல் அதுதான்.

மறுபடியும் சண்முகம் சாலை

சான்றிதழ் வந்த பிறகு ஒரு நாள் சண்முகம் சாலையில் ஒரு மளிகைக் கடையில் நான்கு டப்பா வைத்துக் கேட்டேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. டப்பாவைத் திருப்பி எண்ணைப் பார்த்தார். “நம்பர் இருக்குல்ல, வெச்சுட்டுப் போங்கக்கா” என்றார். பத்து நாளில் இன்னும் பத்து கேட்டார். இன்று மூன்று கடைக்குப் போடுகிறேன். பெரிய பணக்காரி ஆகிவிடவில்லை. பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடன் வாங்கவில்லை, அவ்வளவுதான்.

அம்மாவின் பொடியை நான் விடவில்லை. ஆனால் இப்போது இரண்டு விதமாகச் செய்கிறேன். கடலை போட்டது ஒன்று, போடாதது ஒன்று. கடலை இல்லாததை வாரத் தொடக்கத்தில் முதலில் செய்வேன். அதற்கு வாணலி, மிக்சி ஜார், சல்லடை எல்லாம் தனி. அதையும் மீறி, ‘வேர்க்கடலை கையாளும் சமையலறையில் தயாரித்தது’ என்று இரண்டிலுமே எழுதுகிறேன். அதைப் படித்து யாராவது வாங்காமல் போனால் போகட்டும். அவர்களுக்காகத்தானே எழுதுகிறேன்.

சீட்டு ஒட்டிய முதல் டப்பாவை அந்த இளம் தாயிடம்தான் கொண்டுபோனேன். விற்க அல்ல, காட்ட. வாசலிலேயே நின்று கடைசி எழுத்துவரை படித்தாள். ‘வேர்க்கடலை கையாளும்’ என்ற வரியில் விரலை வைத்து நிறுத்தினாள்.

“இது அவனுக்கு வேணாம்க்கா” என்றாள்.

“வேணாம்மா, குடுக்காதே. அதுக்குத்தான் எழுதியிருக்கேன்” என்றேன்.

உள்ளே போய்ப் பர்ஸை எடுத்து வந்தாள். “எனக்கும் அவருக்கும் கடலை போட்டது ஒண்ணு குடுங்க. மேல் ஷெல்ஃபில வெச்சுக்கறேன்.”

நான் காசு வேண்டாம் என்றேன். அவள் கேட்கவில்லை. சீட்டில் போட்டிருந்த விலையை எண்ணி என் கையில் வைத்தாள். அவள் காலைக் கட்டிக்கொண்டு நின்ற பையன் என்னைப் பார்த்து, “அத்தை, டாட்டா” என்றான்.